புகை ஓய்ந்த ஆலைகளும் நமது கமராவும்

நிழற்படம் எடுப்பதில் ஆர்வங்கொண்ட இளைஞர் பலர் இன்று நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் அழகிய காட்சி என்றவுடன் நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளையும், சிகிரியாக் குன்றையும், எல்லப் பகுதியின் ஒன்பது வளைவுப் பாலத்தையுமே நினைக்கின்றனர். விடுமுறை வந்தாற் பொதி கட்டிக்கொண்டு அவ்விடங்களுக்குப் புறப்படுகின்றனர். செல்வது நன்றே. நாட்டைச் சுற்றிப் பார்ப்பதும் கல்வியின் ஒரு பகுதிதான். ஆனால், ஏற்கெனவே இலட்சக்கணக்கானோர் எடுத்துவிட்ட படத்தை நாமும் ஒருமுறை எடுத்து வருவதால் உலகத்துக்குப் புதிதாகக் கிடைப்பது யாது? தம் வீட்டிலிருந்து இரண்டு கட்டைத் தூரத்தில் நிற்கும் பாழடைந்த ஆலையையும், தூர்ந்த கேணியையும், கூரை சரிந்த புகையிலைக் குடிலையும் படமெடுத்து வைத்திருப்போர் எத்தனை பேர்? சிகிரியாவைப் படமெடுக்க நாளையும் ஆயிரம் பேர் வருவர். நமது ஊர்க் கேணியைப் படமெடுக்க நம்மையன்றி ஒருவரும் வரப்போவதில்லை. இவ்வாரம் இதுபற்றியே வாசகர்களுடனும், சிறப்பாக மாணாக்கருடனும் சற்றுப் பேச விரும்புகின்றேன்.

முதற்படமே வீட்டுப் படம்

உலகில் இன்று எஞ்சியுள்ள கமராப் படங்களுள் மிகப் பழையது எது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேரரசர் ஒருவரின் உருவமாகவோ, பெரியதொரு கோபுரமாகவோ இருக்கும் என்று விடை கூறுவார்கள். உண்மை வேறு. பிரான்சு நாட்டவரான நிசபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827ஆம் ஆண்டளவில், தமது நாட்டுப்புற இல்லத்தின் மேன்மாடிச் சாளரத்தினூடாக வெளியே தெரிந்ததைப் படமாக்கினார். நிலக்கீல் பூசிய உலோகத் தகடு ஒன்றே அவருக்குப் பிலிமாக உதவியது. அதில் ஒளி பதியப் பல மணி நேரம் பிடித்தது. அதற்கிடையிற் கதிரவன் கிழக்கிலிருந்து மேற்கே சென்றுவிட்டமையால், எதிரெதிரான இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்தாற்போன்ற தோற்றம் அப்படத்திற் காணப்படுகின்றது. படத்தில் இருப்பவை யாவை? புறாக்கூடு ஒன்று, களஞ்சியக் கூரையொன்றின் சரிவு, வீட்டுப் புறக்கட்டிடங்கள் சில; அவ்வளவே. அத்தகடு இன்று அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் கண்ணும் கருத்துமாகப் பேணப்படுகின்றது.

வீட்டுச் சாளரத்தைத் திறந்து அயலைப் பார்த்ததிலிருந்தே இக்கலை பிறந்தது என்பதை நமது இளைஞர் மனத்திற் கொள்ளவேண்டும். அக்களஞ்சியக் கூரை அன்று யார் கண்ணுக்கும் அரியதாகப் பட்டிராது. காலம் கடந்த பின்னரே அதற்கு அருமை வந்தது. நம் அயலிலுள்ள பொருள்களும் அத்தகையனவே.

கல்லும் உப்பும் வைக்கோலும்

நிற்க. நமது அயலில் அத்தகைய பொருள் யாது என்று கேட்போருக்கு, வடக்குக் கிழக்கில் நின்ற மூன்று பேராலைகளை முதலிற் காட்டலாம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை என்பன அவை. நாடு சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் எழுந்த இம்மூன்றும், அன்று கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் பெயரோடு சேர்த்தே நம்மவராற் பேசப்படுகின்றன.

இம்மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நம் காலடியிற் கிடந்தவற்றைக்கொண்டே இவை தொழில் செய்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் முழுவதும் சுண்ணாம்புக்கல்லாகும். கிணறு வெட்டுவோருக்குப் பெருந்தொல்லையாயிருந்த அக்கல்லே காங்கேசன்துறையிற் செல்வமாயிற்று. அயலில் அகழ்ந்த கல்லுடன், மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணையும் சேர்த்து அரைத்து, நீண்ட இரும்புக் குழாய்போன்ற சுழலும் சூளையில் இட்டு, ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுட்டனர். அவ்வாறு வெந்து உருண்டையாகி வரும் பொருளைக் கிளிங்கர் என்பர். அதனோடு சிறிதளவு ஜிப்சம் கலந்து மாவாக அரைத்தாற் சீமெந்தாகும். 1950ஆம் ஆண்டில் அங்கு உற்பத்தி தொடங்கியது. 1990ஆம் ஆண்டில் யுத்தத்தின் காரணமாகச் சூளை அணைந்தது.

ஆனையிறவு உப்பளத்தின் உப்பைப் பரந்தன் தொழிற்சாலை பெற்றது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது எரிசோடாவாகவும் குளோரீனாகவும் பிரிகின்றது. எரிசோடா சவர்க்காரம் செய்ய உதவும். குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தின் வயல்களில் அறுவடைக்குப்பின் எஞ்சிய வைக்கோலை வாழைச்சேனை ஆலை எடுத்து, எழுதுதாளாகவும் அச்சுத்தாளாகவும் மாற்றியது. 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை, பிற்காலத்தில் நின்றும் இயங்கியும் இடர்ப்பட்டது. ஆகவே, கல் சீமெந்தாயிற்று, உப்புக் காரமாயிற்று, வைக்கோல் கடதாசியாயிற்று. இத்துணை எளிய சொற்களில் ஒரு நாட்டின் தொழில் வரலாற்றைச் சொல்லக்கூடிய வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பது அரிது.

இப்பேராலைகளோடு சிற்றாலைகளையும் மறத்தலாகாது. மாடு சுற்றிவந்த செக்கு, கடலோரச் சுண்ணாம்புச் சூளை, புகையிலைக் குடில், துலாக் கிணறு, வண்டிற் பட்டறை, கைத்தறிக் கொட்டில் ஆகிய யாவும் தொழில் நடந்த இடங்களே. தெருவோரத்துச் சுமைதாங்கியும், மாடுகள் உடலை உரைஞ்சுவதற்கென நட்ட ஆவுரஞ்சிக் கல்லும், மக்களும் மாடும் நடந்தே பொருள் கொண்டுசென்ற காலத்தின் போக்குவரத்துச் சாதனங்கள். பருத்தித்துறையில் வீதியை மூடி நிற்கும் தெருமூடி மடமும் அவ்வாறே வழிப்போக்கரின் களைப்பை ஆற்றியது. வீதி அகலமாகும்போது முதலில் மறைவன சுமைதாங்கிகளே என்பதை அயலிலேயே நாம் கண்டிருக்கிறோம்.

ஜேர்மன் தம்பதியர் காட்டிய வழி

ஆலைகளைப் படமெடுப்பதும் ஒரு கலையாகுமோ என்று ஐயுறுவோருக்கு ஜேர்மனி நாட்டுத் தம்பதியர் இருவரின் வரலாற்றைச் சொல்லவேண்டும். பேர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்பன அவர்களின் பெயர்கள். பேர்ன்ட் பிறந்த சீகன் பகுதி இரும்புச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது. இளமையில் அவர் ஓவியம் பயின்றவர். ஊருக்கு அண்மையிலிருந்த சுரங்கக் கட்டிடமொன்றை ஒருமுறை அவர் வரைந்துகொண்டிருந்தார். வரைந்து முடிவதற்கு முன்னரே அக்கட்டிடத்தை இடிக்கத் தொடங்கிவிட்டனர். கையின் வேகம் இடிப்பவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆதலால் அவர் கமராவைக் கையிலெடுத்தார். 1959ஆம் ஆண்டிலிருந்து ஹில்லாவும் அவருடன் சேர்ந்து இப்பணியில் இறங்கினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் இருவரும் நீர்த்தாங்கிகளையும், ஊதுலைகளையும், சுரங்கக் கோபுரங்களையும், சுண்ணாம்புச் சூளைகளையும் படமெடுத்தனர்.

அவர்களது முறை மிக எளியது. மேகம் மூடிய வானத்திற் கடும் நிழல் விழாது. அத்தகைய நாளையே தெரிவுசெய்தனர். கட்டிடத்துக்கு நேர் எதிரே, சற்று உயர்ந்த இடத்திற் கமராவை நிறுத்தினர். கட்டிடத்தைச் சட்டத்தின் நடுவே வைத்து, அடிமுதல் முடிவரை எதுவும் வெட்டுப்படாமல் எடுத்தனர். இவ்வாறு எடுத்த நீர்த்தாங்கிப் படங்களை ஒன்பதாகவோ பன்னிரண்டாகவோ வரிசையில் வைத்தபோது, ஒரே தொழிலுக்காக எழுந்த கட்டிடங்கள் எவ்வளவு ஒத்தும் எவ்வளவு வேறுபட்டும் இருக்கின்றன என்பது பார்ப்போருக்குப் புலனாயிற்று. 1990ஆம் ஆண்டில் வெனிஸ் நகரக் கலைக்கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்குரிய பரிசு வழங்கப்பட்டது. நிழற்படத்துக்குச் சிற்பப் பரிசு கிடைத்ததென்றால், அக்கட்டிடங்களே சிற்பங்கள் என்று நடுவர் கருதினர் போலும்!

பரிசைவிடப் பெரிய பயன் ஒன்றும் விளைந்தது. டோர்ட்முன்ட் நகரில் சொலர்ன் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தின் இயந்திர மண்டபத்தை இடிக்கவிருந்தனர். அதனைக் காக்கக் குரலெழுப்பியவர்களுள் இத்தம்பதியரும் இருந்தனர். 1969ஆம் ஆண்டில் அம்மண்டபம் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. இன்று அது தொழில் வரலாற்று நூதனசாலையாகத் திகழ்கின்றது. உடைந்த ஆலையும் ஒரு நாட்டின் முதுசொம் என்ற எண்ணம் அந்நாட்டில் வேரூன்றுவதற்கு அந்நிகழ்ச்சி உதவியது.

அழகா, ஆவணமா?

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. அதனைத் தட்டிக்கழித்தல் முறையாகாது. ஜேர்மனியின் சுரங்கங்கள் நிலக்கரியும் இரும்பும் இலாபமற்றுப் போனமையால் மூடப்பட்டன. காங்கேசன்துறையின் சூளை அவ்வாறு அணையவில்லை. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு ஊரைவிட்டுப் புறப்பட்டனர். தொழிற்சாலையோடு வேலையும், வேலையோடு வீடும், வீட்டோடு சுற்றமும் சிதறின. அப்படியானால், அந்த இடிபாட்டில் மாலை வெயில் பொன்னிறமாக விழுவதை நாம் அழகென்று படமெடுத்து மகிழலாமா? அங்கு வேலைசெய்து குடும்பம் வளர்த்தவரின் கண்ணுக்கு அது அழகாகத் தோன்றுமா?

நான் கருதுவது இதுவே. வெறும் அழகுக்காக மாத்திரம் எடுத்தால் அது பிறர் துயரைச் சுவரில் மாட்டிவைப்பது போலாகும். புதர் முளைத்த சுவரும், துருவேறிய இரும்பும் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆனால், அச்சுவரின் பெயர் என்ன, அவ்விரும்பின் தொழில் என்ன, அங்கு நின்றவர் யார் என்பவற்றை அறிய முயலாத படம் பார்ப்பவரை ஏமாற்றுகின்றது. எங்கோ ஒரு பழங்காலத்து அரண்மனை இயற்கையாக அழிந்தது போன்ற மயக்கத்தை அது தருகின்றது. இவ்வாலை இயற்கையாக அழியவில்லை என்பதைப் படம் சொல்லவேண்டும். படம் சொல்லாவிட்டால், அதன் கீழ் எழுதும் குறிப்புச் சொல்லவேண்டும்.

பாரிஸ் நகரில் வாழ்ந்த இயூஜின் அட்ஜே என்பவர் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பழைய தெருக்களையும், கடை முகப்புக்களையும், முற்றங்களையும் பல்லாயிரக்கணக்கிற் படமெடுத்த அவர், தம்மைக் கலைஞர் என்று கூறிக்கொள்ளவில்லை. தாம் எடுத்தவற்றை ஆவணங்கள் என்றே அழைத்தார். நூலகங்களும் நூதனசாலைகளும் அவற்றை ஆவணமாகவே விலைக்கு வாங்கின. 1927ஆம் ஆண்டில் அவர் இறந்த பின்னர் உலகம் அவரைப் பெருங்கலைஞரென்று கொண்டாடியது. ஆவணத்தை நேர்மையாகச் செய்தவருக்கு அழகு தானாகவே வந்து சேர்ந்தது.

நமக்கு ஆவணத்தின் தேவை ஏனையோரைவிடப் பன்மடங்கு அதிகம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எத்தனை குடும்பங்கள் திருமணப் படங்களை அலுமாரியில் விட்டுச் சென்றன என்பதைக் கணக்கிட்டவர் இல்லை. பின்னாளிற் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பியபோது, தம் வளவின் எல்லையைக் கிணற்றைக்கொண்டும் எஞ்சிய மரத்தைக்கொண்டும் அடையாளங்கண்டவர் பலர். வேலியும் இல்லை, வீடும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. அவர்களிடம் அந்த வீட்டின் ஒரு படமேனும் இருந்திருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டியிருக்கலாம். வீடு நின்ற காலத்தில் வீட்டைப் படமெடுக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்? நிற்பது என்றும் நிற்கும் என்ற நம்பிக்கையிலேதான் நாம் வாழ்கின்றோம்.

எடுக்கும் முறை

இனி, மாணவர்களுக்குப் பயன்படக்கூடிய சில நடைமுறைக் குறிப்புக்களைத் தருகின்றேன். விலையுயர்ந்த கமரா இல்லையே என்று ஒருவரும் கவலைப்பட வேண்டியதில்லை. இன்று பெரும்பாலான வீடுகளிலுள்ள கைத்தொலைபேசியே இப்பணிக்குப் போதும். வேண்டியன பொறுமையும், நேரமும், ஒரு குறிப்புப் புத்தகமுமே.

முதலாவது, ஒளியின் திசையை அறிந்துகொள்ளுங்கள். நமது குடாநாடு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆதலால், சித்திரை பிறந்தது முதல் ஆவணி முற்பகுதி வரையும் நண்பகற் சூரியன் நமது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கின்றான். எஞ்சிய மாதங்களில் அவன் தெற்கே சாய்ந்திருப்பான். கடலைப் பார்த்து நிற்கும் வடக்குச் சுவரை வெயிலில் எடுக்க விரும்புவோர் வைகாசி, ஆனி மாதங்களிற் செல்லவேண்டும். மார்கழியிற் சென்றால் அச்சுவர் பகல் முழுவதும் நிழலிலேயே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை மேகம் மூடிய வானத்தின் ஒளி, முன்னர்க் கூறிய ஜேர்மன் தம்பதியர் விரும்பிய ஒளியாகும். சோளகக் காற்று வீசும் காலத்திற் புழுதி பறக்கும். கமராவின் கண்ணாடியை மூடி வைத்திருங்கள்.

இரண்டாவது, நிமிர்ந்து நில்லுங்கள். உயர்ந்த புகைபோக்கியை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னே விழுவது போலச் சரிந்து தோன்றும். தூரப் போய், கமராவைச் சரிக்காமல் நேரே பிடித்து எடுத்தாற் கட்டிடம் நிமிர்ந்து நிற்கும். கை நடுங்குவோர் முக்காலி வைத்துக்கொள்க. அது இல்லாதவர் மதிலின்மேற் கமராவை வைத்து எடுக்கலாம்.

மூன்றாவது, தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வாருங்கள். ஒரு கட்டிடத்துக்கு மூன்று வகைப் படங்களாவது வேண்டும். வானமும் நிலமும் பனைவடலியும் சேர்ந்து, அது எங்கே நிற்கின்றது என்பதைக் காட்டும் படம் ஒன்று. அதன் முழு உருவத்தைக் காட்டும் படம் ஒன்று. கதவின் பிணைச்சல், சுவரில் எழுதிய இலக்கம், ஆணி, தேய்ந்த படிக்கல் முதலியவற்றைக் காட்டும் அண்மைப் படம் ஒன்று. அண்மைப் படத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்தெடுத்தால் அளவு தெரியும்.

நான்காவது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லுங்கள். ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு மறுநாள், ஒரே கல்லின்மேல் நின்று, ஒரே திசையைப் பார்த்து ஒரு படம் எடுத்து வருகின்ற மாணவனை எண்ணிப் பாருங்கள். பத்து ஆண்டுகளில் அவனிடம் பத்துப் படங்கள் இருக்கும். ஆலங்கன்று சுவரைப் பிளந்த விதமும், கூரைத் தகடு ஒவ்வொன்றாகக் கழன்ற விதமும், புதிய வீதி வந்த விதமும் அவற்றில் விளங்கும். எந்த வரலாற்றாசிரியரும் அதனை அவனிடமிருந்து இரந்து பெறுவார்.

அடுத்து, பாதுகாப்புப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், அடர்ந்த புதரிலும் படத்துக்காகக் கால் வைக்காதீர்கள். தடம் பதிந்த பாதையை விட்டு விலகாதீர்கள். காணாத உலோகப் பொருளைத் தொடாதீர்கள். தூங்கும் கூரையின் கீழும், உடைந்த அஸ்பெஸ்தஸ் தகடுகளிடையேயும் நுழையாதீர்கள். கல் அகழ்ந்த பள்ளங்களில் நிற்கும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதன் ஆழத்தைக் கண்ணால் அளக்க இயலாது. படையினர் நிலையங்களையும் துறைமுகத்தையும் அனுமதியின்றிப் படமெடுத்தல் கூடாது. பறக்கும் கமராவுக்கும் அனுமதி பெறவேண்டும். காணிக்கு உரியவர் இருந்தால், அவர் படலையிற் கூப்பிட்டுக் கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே உள்ளே செல்லுங்கள். பெரியவர்களின்றிப் பிள்ளைகள் தனியே போகவே கூடாது.

படத்தின் பின்புறம்

பழைய நிழற்படங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். படத்தின் பின்புறத்திற் பென்சிலால் ஆண்டும் பெயரும் எழுதியிருப்பார்கள். அவ்வொரு வரியே அப்படத்தின் உயிர். பின்புறம் எழுதப்படாத படத்தில் நிற்பவரை இரண்டு தலைமுறைக்குப்பின் யாரென்று சொல்ல ஆளிருக்காது. கைத்தொலைபேசிப் படத்துக்குப் பின்புறமே இல்லை. ஆகையால் அதற்கென ஒரு கொப்பி வையுங்கள். திகதி, நேரம், ஊர், எத்திசையைப் பார்த்து எடுத்தது, கட்டிடத்தின் தொழில் யாது, விவரம் சொன்னவர் யார் என்னும் ஆறு செய்திகளையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டது மறுவருடமும் எழுதப்படாது.

அவ்வாறு எழுதவேண்டுமானால், கேட்கவேண்டும். இதுவே இப்பணியின் அவசரமான பகுதி. சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய 1950ஆம் ஆண்டில் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இன்று இருந்தால் அவருக்கு வயது 95 ஆகியிருக்கும். சூளை அணைந்த ஆண்டில் 20 வயதில் இருந்தவரும் 55 வயதைக் கடந்துவிட்டார். அவர்களுட் பலர் கடல் கடந்து சென்றுவிட்டனர். எஞ்சியிருப்போரின் திண்ணைக்குச் சென்று, நீங்கள் எடுத்த படத்தை அவர் கையிற் கொடுத்துப் பாருங்கள். நமக்குக் கற்குவியலாகத் தெரிவதில் அவர் ஒவ்வொரு மூலையையும் பெயர் சொல்லி அழைப்பார். கல் நொறுக்கிய இடம் எது, சூளையின் வாய் எது, சம்பளம் கொடுத்த யன்னல் எது, வேலைமாறும் வேளையில் எந்த வாசலால் வெளியே வந்தனர் என்பவற்றையெல்லாம் வேறு எந்த நூலிற் காணமுடியும்? படம் அவர் நாவைத் திறக்கும்; அவர் சொல் நமது படத்தைத் திறக்கும்.

ஊதியத்தையும் உறவையும் மாத்திரமன்றிக் குறையையும் கேட்டு எழுதுங்கள். சீமெந்துத் தூசி அயலவரின் மூச்சை எவ்வாறு வருத்தியது, கல் அகழ்ந்த பள்ளங்கள் நிலத்துக்கும் நன்னீருக்கும் என்ன செய்தன என்பன போன்ற கேள்விகளும் உண்டு. சுண்ணாம்புக்கல்லே நமது கிணற்று நீரைத் தாங்கும் பாத்திரம் என்பதை மாணவர் புவியியலிற் படிக்கின்றனர். அப்பாத்திரத்தை உடைத்தெடுத்தே சீமெந்து செய்தோம். அவ்வாலை நமக்குச் சோறிட்டது என்பதும் உண்மை. நிலத்தை அகழ்ந்தது என்பதும் உண்மை. நேர்மையான ஆவணம் இரண்டையும் வைத்திருக்கும். இனியொரு நாள் அங்கே மீண்டும் தொழில் தொடங்கும்போது, எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்று முடிவெடுப்போருக்கு அவ்வாவணம் உதவும்.

நிகழ்காலத்தில் மீண்டு வந்தவற்றையும் விட்டுவிடாதீர்கள். 1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதன்முதல் ஓடிய புகையிரதம், 1990இல் நின்று, 2015ஆம் ஆண்டு தை மாதத்தில் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. ஆனையிறவிலும் உப்பு மீண்டும் விளைகின்றது. அழிந்ததை மட்டுமே படமெடுக்கும் கண் பழுதான கண். உப்பு வயலில் வெயிலில் நின்று உப்பு வாரும் பெண்ணையும், அவர் சம்மதத்துடன், பெயருடன், மரியாதையுடன் படமெடுத்து வையுங்கள். இன்னும் 50 ஆண்டுகளில் அதுவே பழைய படமாகிவிடும்.

எடுத்த படங்களைப் பேணுவதும் கடமையே. ஒரே கைத்தொலைபேசியில் வைத்திருப்பது ஒரே பானையில் விதைநெல் முழுவதையும் வைப்பது போன்றது. இரண்டு வேறு வீடுகளில் இரண்டு பிரதிகள் இருக்கட்டும். சிறந்தவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கறையானும் ஈரமும் அணுகாதவாறு வையுங்கள். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் கணினி வழியே ஆவணப்படுத்தி வருகின்ற நூலகம் நிறுவனம் போன்ற பொதுச் சேவைகளுக்கு ஒரு பிரதி கொடுப்பதும் நன்று. வீட்டுப் பெட்டகத்தில் உறங்கும் பழைய படங்களை எடுத்துப் பிரதி செய்வதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். திருமணப் படத்தில் மணமக்களின் பின்னே தெரியும் கிடுகு வேலியும், நாற்சார் வீட்டின் தூணும் இன்று மணமக்களைப் போலவே நமக்கு அருமையானவை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கமராவும் கையுமாக உடைந்த மதிலின் முன்னே நிற்பதைக் கண்டால், படிப்பைக் கெடுத்துக்கொள்கின்றானே என்று சினக்காதீர்கள். கல்லைப் பற்றிக் கேட்டாற் புவியியல். சூளையைப் பற்றிக் கேட்டால் இரசாயனவியல். ஒளியைப் பற்றிக் கேட்டாற் பௌதிகவியல். அங்கு வேலைசெய்தவரைப் பற்றிக் கேட்டால் வரலாறு. நான்கு பாடத்தையும் ஒரே மதில் கற்பிக்கின்றது. முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். அவனுக்குத் தெரியாத பெயர்கள் உங்களுக்குத் தெரியும்.

வருகின்ற விடுமுறைக்கு மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், தொழில் நின்றுபோன இடம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அது பேராலையாக இருக்கவேண்டுமென்பதில்லை. மூடிக் கிடக்கும் அரிசி ஆலையாயினும், செக்கு நின்ற கொட்டிலாயினும் போதும். மூன்று படமும் ஆறு வரியும் எழுதி, அவ்விடத்தை அறிந்த முதியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் திருத்திச் சொல்வதை ஏழாவது வரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவ்வேழாவது வரியே யாவற்றிலும் விலை மிக்கது.